பேனாவையும் சேர்த்துக் கூட்டு, கண்ணு

கண்ணு,

எந்த டேப்லெட் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டும் வந்தன. ஐபேட் ஏ16 ஒன்று, சாம்சங் டேப் எஸ்10 எஃப்இ ஒன்று. இரண்டும் 2025-இல் வந்தவை, இரண்டும் 128 ஜிபி, இரண்டும் வைஃபை மட்டும். "ஐபேட் எட்டாயிரம் ரூபாய் கம்மி" என்று கீழே எழுதியிருந்தாய். கம்மி இல்லை. ஐபேட் இங்கே வெளியான விலை 34,900 ரூபாய், பேனா அதில் சேராது. யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அப்போது 7,900. ஆக 42,800. சாம்சங் வெளியான விலை 42,999, பேனா பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சட்டக் கல்லூரியில் தீர்ப்பையும் மனுவையும் படித்துக் கோடு போட்டு ஓரத்தில் குறிப்பு எழுதத்தான் உனக்கு டேப். பேனா இல்லாத விலை உனக்கு விலையே இல்லை. தள்ளுபடி நாளில் இரண்டும் இறங்கும். அப்போதும் இப்படியே கூட்டிப் பார். ஆப்பிளில் மாணவர் விலை தனியாக உண்டு, கல்லூரி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்.

பேனாவையே முதலில் பார்த்துவிடலாம். யுஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தி இழுத்தாலும் ஒரே கனத்தில்தான் கோடு விழும். ஹைலைட் பண்ணப் போதும், கையெழுத்து மட்டும் கொஞ்சம் உயிரில்லாமல் தெரியும். அழுத்தம் வேண்டுமானால் முதல் தலைமுறைப் பென்சில், 2025-இல் அதன் விலை 9,500. அதன் வாலில் இருப்பது ஆப்பிளின் பழைய சார்ஜ் முனையான லைட்னிங், ஐபேடில் இருப்பதோ யுஎஸ்பி-சி. இரண்டையும் சேர்க்க நடுவில் விரல்நுனி அளவு அடாப்டர் ஒன்று, கூடவே ஒரு கேபிள். ஹாஸ்டலில் அந்த அடாப்டர் எத்தனை நாள் தங்கும் என்று நீயே யோசி. எந்தப் பென்சிலானாலும் உள்ளே குட்டி லித்தியம் பேட்டரி இருக்கிறது. செமஸ்டர் விடுமுறை முழுக்கச் சார்ஜே இல்லாமல் கிடந்தால் அது செத்துப்போகலாம்.

சாம்சங்கோடு வரும் பேனாவான எஸ் பென்னில் பேட்டரியே கிடையாது. திரைக்கு அடியில் உள்ள கம்பிவலை காந்தப்புலத்தால் பேனாவுக்குச் சக்தி கொடுக்கிறது. சார்ஜ் என்ற பேச்சே இல்லை, அழுத்தமும் தெரியும். குறை இல்லாமல் இல்லை. மடக்கு கவரில் காந்தம் இருக்கும். கவரைப் பின்பக்கம் மடித்து வைத்து எழுதும்போது காந்தம் எந்த இடத்துக்கு நேர் பின்னால் வருகிறதோ அங்கே கோடு வளையும், சில சமயம் விழவே விழாது. பேனா பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போகாதே. கவரைக் கழற்றி எழுதிப் பார், சரியாகிவிட்டால் கவர்தான் காரணம். இரண்டு டேபிலும் பேனாவைச் செருகி வைக்கப் பொந்து இல்லை, யுஎஸ்பி-சி பென்சிலும் எஸ் பென்னும் காந்தத்தில்தான் ஒட்டி நிற்கும். பைக்குள் போட்டால் கழன்றுவிடும். பேனா செருகும் பட்டை உள்ள கவராக வாங்கு.

அடுத்தது திரை. இரண்டும் ஏறக்குறைய 10.9 அங்குலம் என்பதை வைத்து ஒரே அளவு என்று நினைத்துவிடாதே. அது மூலைக்கு மூலை அளவு. ஐபேடில் 2360×1640 பிக்சல்கள், சாம்சங்கில் 2304×1440. நிமிர்த்திப் பிடித்தால் ஐபேட் திரை ஏறக்குறைய 15.8 செ.மீ. அகலம், சாம்சங் 14.7. படம் பார்க்க ஒல்லியான திரை நல்லது, ஏ4 தாளுக்கு அகலமானது நல்லது. ஐபேடில் ஏ4 பக்கம் முக்கால் அளவுக்கு வரும், சாம்சங்கில் எழுபது சதவீதம். 14 பாயின்ட் அளவு எழுத்து முன்னதில் பத்தரையாகவும் பின்னதில் 9.8 ஆகவும் சுருங்கும். முழு நாள் படிக்கிற கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் நீ படிக்கிற தாள் எப்படிப்பட்டது என்று பார். உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் விட்ட சுற்றறிக்கைப்படி, அங்கே தாக்கல் செய்கிற மனுக்கள் ஏ4 தாளில், 14 பாயின்ட் எழுத்தில், இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம் விட்டு இருக்க வேண்டும். 21-இல் 8 போனால் எழுத்து நிற்கும் அகலம் 13 செ.மீ.தான். பிடிஎஃப் செயலியில் ஓரத்தை வெட்டிக் காட்டும் வசதியைப் போட்டால் அந்த 13 செ.மீ. இரண்டு திரையிலும் தாளில் இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும். பக்கம் முழுதும் ஒரே திரையில் நிற்காது, கொஞ்சம் தள்ளிப் படிக்க வேண்டும். குறிப்பு எழுதும் ஓரமும் மறைந்துவிடும். ஆகவே படிக்கும்போது வெட்டி வை, எழுதும்போது முழுப் பக்கத்துக்கு வா. இரண்டு பத்தியாக அச்சான பழைய சட்ட இதழ்களின் ஸ்கேனுக்கு இந்த வித்தை செல்லாது, அங்கே ஐபேடின் அகலம்தான் கைகொடுக்கும்.

ஐபேடின் கண்ணாடிக்கும் அதன் கீழுள்ள திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது, ஒளி பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பூச்சும் இல்லை. சாய்வாகப் பார்த்து எழுதினால் முனை ஓரிடம், மை ஓரிடம் போலத் தோன்றும். ட்யூப்லைட்டும் தெளிவாகப் பிரதிபலிக்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு: விழுந்து கண்ணாடி மட்டும் உடைந்தால் கடைக்காரர் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியும். ஒட்டிய திரை என்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பேட்டரியை ஒருவர் வாட்-மணியிலும் ஒருவர் மில்லி ஆம்பியர்-மணியிலும் போட்டிருப்பதால் சாம்சங்கின் 8000 பெரிதாகத் தெரிகிறது. அதை லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தத்தால் பெருக்கினால் சுமார் 31 வாட்-மணி, ஐபேட் 28.93. கிட்டத்தட்ட ஒன்றுதான். சாம்சங் 45 வாட்டில் ஏறும், ஆனால் சார்ஜர் பெட்டியில் வராது. தனியாக வாங்கும்போது, மின்னழுத்தத்தைச் சிறு சிறு படிகளாக மாற்றித் தரும் முறையான பிபிஎஸ் (PPS) என்று போட்டிருக்கிறதா பார், இல்லாவிட்டால் வேகம் குறையும். ஐபேடுக்கு 20 வாட் சார்ஜர் கூடவே வரும்.

சிப்பில் ஐபேட் தெளிவாக முந்தி நிற்கிறது. பிடிஎஃபும் குறிப்பும் ஜூம் வகுப்பும் இரண்டையும் திணறவைக்காது, அதனால் அந்த வரிக்கு மார்க் போடாதே. ஏ16 ஐபேடில் ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் வராது, யாராவது அதைச் சொல்லி விற்றால் நம்பாதே.

சேமிப்பு இரண்டிலும் 128தான். சாம்சங்கில் மெமரி கார்டு போடலாம், ஐபேடில் முடியாது. கார்டில் கோப்புகள்தான் போகும், செயலிகள் பெரும்பாலும் டேபிலேயே இருக்கும். பாதி விலைக்கு 512 ஜிபி என்று விற்கிற கார்டு பெரும்பாலும் போலி. உள்ளே 32 ஜிபி இருக்கும், அளவை மட்டும் பொய்யாகக் காட்டும். அது நிரம்பிய பிறகு போடும் கோப்பு பெயரோடு தெரியும், திறக்காது. வாங்கியதும் கார்டு முழுக்க நிரப்பி, எல்லாம் திறக்கிறதா பார்த்த பிறகே நம்பி வை. அப்போதும் ஒரே பிரதியை அதில் வைக்காதே.

தண்ணீர் விஷயத்தில் சந்தேகமே இல்லை, தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்குவதற்கான மதிப்பீட்டில் சாம்சங் ஐபி68, ஐபேடுக்கு எந்த மதிப்பீடும் இல்லை. மேசையில் பாட்டில் கவிழ்ந்தாலும் மழையில் பஸ்ஸுக்கு ஓடினாலும் இது உதவும். நல்ல தண்ணீருக்குத்தான் அந்த மதிப்பீடு, சோப்புத் தண்ணீருக்கோ கடல் நீருக்கோ இல்லை. நனைந்த துளையில் சார்ஜர் செருகாதே. மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றத்தில் பெரிய திரைக்கு வயர் போட்டுக் காட்ட வேண்டுமானால் மட்டும் ஐபேட்: அதன் துளையில் வீடியோ வெளியே வரும், எஸ்10 எஃப்இயில் வயர்லெஸ்தான்.

என் ஓட்டு சாம்சங்குக்கு. பேனாவும் தண்ணீரும் கார்டும் சேர்ந்து திரை அகலத்தைத் தோற்கடிக்கின்றன. பழைய இதழ் ஸ்கேன்தான் நீ அதிகம் படிப்பது என்றால் ஐபேடை எடு, நான் தடுக்கமாட்டேன்.

கடையில் மாடல் எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டாதே. ஏ16 ஐபேட் ஏ3354, முந்தைய பத்தாம் தலைமுறை ஏ2696. முதுகில் இரண்டிலும் "ஐபேட்" என்றுதான் இருக்கும், உருவமும் ஒன்றே. எஸ்10 எஃப்இ வைஃபை எஸ்எம்-எக்ஸ்520, பழைய எஸ்9 எஃப்இ எக்ஸ்510. எஸ்10 லைட் என்று இன்னொன்று இருக்கிறது, சிப் தாழ்ந்தது, ஐபி68 கிடையாது. பெயரைப் பாதி கேட்டு அதை வாங்கிவிடாதே.

டெமோ டேபில் உன் பிடிஎஃப் ஒன்றைத் திற. ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்து, பேனாவை மிக மெதுவாக ஒட்டி இழு. கோடு நேராக வர வேண்டும், அலை அலையாக வந்தால் உன் சின்ன எழுத்து நடுங்கித்தான் விழும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி நாலு வரி எழுது, கை பட்ட இடத்தில் புள்ளி விழக் கூடாது. பிறகு பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் செட்டிங்ஸில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அம்மா