மொட்டமாடிக் கம்பியும் அக்டோபர் கான்டெஸ்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புயல் வெள்ளம்னு வரும்போதெல்லாம் உங்க பேப்பர்ல ஹாம் ரேடியோக்காரங்களப் பத்தி, அதாவது லைசென்ஸ் வாங்கி வீட்ல இருந்தே ஒயர்லெஸ்ல பேசற எங்களப் பத்தி, ஒரு பெட்டிச் செய்தி வந்துருது, செல்போன் டவர் எல்லாம் படுத்துட்டப்ப இவங்கதான் தகவல் சொன்னாங்கன்னு. படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா மழை விட்டு ஈரம் காயறதுக்குள்ள அதே ஹாம் வீட்டு மொட்டமாடியப் பாத்து "இந்த ஆன்டெனா கம்பிய எப்ப கழட்டப் போறீங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சிடறாங்க. மத்த பதினோரு மாசமும் அந்தக் கம்பி எதுக்கு மேல நிக்குதுன்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதான் நானே எழுதறேன். அது நிக்கறது கான்டெஸ்டுக்காகவும், அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள எத்தனை பேரை ரேடியோல பிடிக்கறோம்ங்கற போட்டிக்காகவும், தூர தேசத்துக்காரங்ககிட்ட பேசற ஆசைக்காகவும்தான் சார்.

வருஷா வருஷம் அக்டோபர் கடைசி முழு சனி ஞாயிறுல சிக்யூ வேர்ல்ட் வைட் டிஎக்ஸ் கான்டெஸ்ட் நடக்கும். நம்ம நேரத்துக்கு சனிக்கிழமை விடிகாலை 5.30க்கு ஆரம்பிச்சு திங்கக்கிழமை விடிகாலை 5.30 வரைக்கும், 48 மணி நேரம். அக்டோபர்ல வாயால பேசறது, நவம்பர் கடைசில மோர்ஸ். உலகத்த 40 ஸோனா பிரிச்சு வச்சிருக்காங்க, நாம, இலங்கை, மாலத்தீவு, நேபாளம், பூட்டான் எல்லாம் 22ஆம் ஸோன், அதனால ரெண்டு நாளும் என் வாயில "ஃபைவ் நைன் டூ டூ"தான் ஓடிட்டிருக்கும், ஃபைவ் நைன்னா உங்க சிக்னல் நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம், டூ டூ நம்ம ஸோன், என் சம்சாரம் தூக்கத்துலயே அதைச் சொல்லுவா. வேற கண்டத்துல ஆள் கெடைச்சா 3 பாயிண்ட், ஆசியாவுக்குள்ள வேற நாடுன்னா 1, நம்ம நாட்டுக்காரங்களுக்குள்ள பேசிக்கிட்டா பாயிண்டே கெடையாது. புது நாடு, புது ஸோன் ஒவ்வொண்ணும் மொத்தத்தையும் பெருக்கும், அதனாலதான் விக்டர் யூனிஃபார்ம்னு, அதாவது வி, யூன்னு இந்தியாவுக்கு உள்ள எழுத்துல, கால்சைன் (லைசென்ஸோட குடுக்கற அடையாளப் பேரு) ஆரம்பிச்சாலே அங்க காது நிமிரும்.

என்கிட்ட டவரும் இல்ல, சுத்தற பீம் ஆன்டெனாவும் இல்ல. வீட்டு வயரிங் ஒயர் 20 மீட்டர், நடுவுல ரெண்டா வெட்டி கோ-ஆக்ஸ் கேபிள் சேத்து, நடுப்பகுதிய தண்ணி டேங்க் மேல நட்ட ஜிஐ பைப்புல தூக்கி, ரெண்டு நுனியையும் நைலான் கயித்துல கைப்பிடிச் சுவருக்கு இழுத்துக் கட்டினது, அவ்வளவுதான். தலகீழா கவுத்த வீ மாதிரி இருக்கும். 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா கம்பியோட நீளம் மீட்டர்ல வந்துரும், 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டுப் பாருங்க, 20 மீட்டர் சொச்சம். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு சென்டிமீட்டரா கத்தரிச்சு கத்தரிச்சு எஸ்டபிள்யூஆர் மீட்டர் (கம்பிக்குள்ள போகாம திரும்பி வர்ற பவரைக் காட்டறது) முள்ளு எறங்கறவரைக்கும் ஏணில ஏறி எறங்கணும், எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதுக்கே போச்சு. இந்தக் கம்பில ஒரு அருமை என்னன்னா 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளத்த வச்சு வந்த பேரு, 7 மெகாஹெர்ட்ஸ் அதுல வரும்) வெட்டினது 15 மீட்டர் பேண்டுக்கும் அப்படியே வேலை செய்யும், ஏன்னா 21 மெகாஹெர்ட்ஸ்ங்கறது 7ஓட மூணு மடங்கு.

போன வருஷ கான்டெஸ்ட்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணி இருக்கும். 15 மீட்டர்ல பிரேசில்காரர் ஒருத்தர் கூப்பிட்டுட்டு இருந்தார். நம்ம தெக்கத்திச் சீமை வழியாத்தான் பூமியோட காந்த நடுக்கோடு போகுது, 1963ல ராக்கெட் விட்டாங்களே, அதுக்கு திருவனந்தபுரம் பக்கத்துல தும்பாவ தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே அதான். அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கவங்களுக்கு பொழுது அடைஞ்சா மேல ரேடியோ அலைய பூமிக்குத் திருப்பி விடற அயனி மண்டலம் கலங்கும், சிக்னல் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி படபடன்னு ஆடும். அன்னைக்கும் அவர் குரல் அப்படித்தான் ஆடிச்சு. ஐரோப்பாக்காரங்க நாலஞ்சு பேர் மேல விழுந்து கூப்பிடறாங்க, நான் அவங்க மூச்சு விடற இடைவெளில என் கால்சைனைச் சொல்றேன், மொதல் தடவ அவருக்கு "விக்டர் யூனிஃபார்ம்" மட்டும் கேட்டுச்சு, மத்தவங்கள நிறுத்தச் சொல்லிட்டு திரும்பக் கேட்டார், ரெண்டாம் தடவ ஒரு எழுத்து தப்பா எடுத்தார், மூணாம் தடவ முழுசா சொன்னார். ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், 100 வாட், அந்தக்கால குண்டு பல்பு ஒண்ணு தின்ன கரண்ட். கை நடுங்கிச்சு சார், பேசினவங்களக் குறிச்சு வைக்கிற லாக்ல எழுதவே ஒரு நிமிஷம் ஆச்சு.

எங்க ஆளுங்கள்லயே சில பேருக்கு கான்டெஸ்ட்னா பிடிக்காது, இதெல்லாம் ஒரு பேச்சா வெறும் நம்பர்தானேம்பாங்க. எனக்கு அது சரியாப் படல. இரைச்சலுக்குள்ள இருந்து ஒரு கால்சைன பிசகில்லாம எடுக்கறது, ஒரு எழுத்து தப்பா எழுதினா அந்தக் கான்டாக்டே போய் பாயிண்டும் வெட்டு விழறது, எந்த நேரத்துக்கு எந்த பேண்டு எந்த ஊருக்குத் தெறக்கும்னு மனசுல நிக்கறது, இதையெல்லாம் சாவகாசமா அரட்டை அடிச்சா கத்துக்க முடியாது.

இப்ப 2023 டிசம்பர் 17, 18க்கு வாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னுபோச்சு, எங்க தெருவுல கரண்டும் இல்ல போனும் இல்ல. 12 வோல்ட் பேட்டரிய மாட்டி அதே ரிக் (ரேடியோ செட்), அதே கம்பி, 40 மீட்டர்ல கூப்பிட்டேன், மதுரைல இருந்து பதில் வந்துச்சு, நாங்க மேல் மாடில பத்திரமா இருக்கோம்னு என் தம்பிக்குச் சொல்லச் சொன்னேன். கம்பி ஒம்பது பத்து மீட்டர் உயரத்துலதான் நிக்குது, 40 மீட்டர் பேண்டுக்கு அது தாழ்வு, அதனால சிக்னல் நேரா வானத்துக்குப் போய் சுத்துவட்டாரத்துல நானூறு ஐநூறு கிலோமீட்டருக்குள்ள மழையா எறங்கும். 15 மீட்டருக்கு அதே உயரம் போதும், அடிவானம் பாத்துப் போய் பிரேசில்ல எறங்கும். ஒரே ஒயர்தான். கான்டெஸ்ட் ஆசை மட்டும் இல்லேன்னா அது அன்னைக்கு மேல இருந்திருக்காது, பேட்டரியும் சார்ஜ் இல்லாம கெடந்திருக்கும்.

2004 சுனாமி நேரத்துல அந்தமான்ல நடந்தது இன்னும் பெருசு. பாரதி பிரசாத் தலைமைல ஒரு குழு போர்ட் பிளேர்ல இருந்து உலகத்தோட பேசறதுக்குன்னே போயிருந்தாங்க, அந்தமான்ங்கறது ஹாம்களுக்கு அப்ப ரொம்ப அபூர்வமான ஒரு கால்சைன். டிசம்பர் 26 காலைல கடல் பொங்கினப்ப ஆன்டெனா நின்னுட்டிருந்துச்சு, ஆபரேட்டர் உக்காந்திருந்தாங்க, அப்படியே அவசர வேலைக்குத் திரும்பிட்டாங்க.

எங்க காலனி அண்ணாச்சி ஒருத்தர் "கம்பியால இடி எறங்கும்னு சொல்றாங்களே தம்பி"ன்னு கேட்டார். நியாயமான பயம்தான். ஐப்பசி மழையும் கான்டெஸ்டும் ஒண்ணாத்தான் வரும், இடி சத்தம் தூரத்துல கேட்டாலே ரிக்குல இருந்து கேபிளக் கழட்டி எர்த்துல மாட்டிடுவேன், பாயிண்ட் போனாப் போகுதுன்னு. அவரக் கூட்டிட்டுப் போய் எர்த் கம்பிய எங்க எறக்கியிருக்கேன்னு காட்டினேன், அதுக்கப்புறம் அவரே கயிறு பிடிக்க வர்றார். எனக்கு உள்ள தொல்லை வேற, மலிவு எல்ஈடி பல்பும் சார்ஜரும் கெளப்புற இரைச்சல். பேட்டரி ரேடியோவ கைல வச்சுட்டு ராத்திரி தெரு பூரா நடந்து பாத்தேன், கடைசில எதிர்வீட்டு அக்காவோட மாடிப்படி பல்பு, நானே வேற வாங்கிக் குடுத்து மாத்திட்டேன்.

அடுக்குமாடில இருக்க எங்க ஆளுங்களுக்கு இந்தப் பேச்சு வார்த்தைக்கே வழி இல்ல, சங்கத்துல ஒரே வார்த்தைல கூடாதுன்னுடறாங்க. மத்திய அரசு பரீட்சை வச்சு லைசென்ஸ் குடுக்குது, அதைக் கைல வச்சுட்டு ஒரு ஒயர் கட்ட எடம் இல்லாம எத்தனையோ பேர் ரிக்க பரண்ல போட்டு வச்சிருக்காங்க. மொட்டமாடில துணி காயப்போடற கொடி அளவுதான் சார் அது.

உங்க நிருபர் யாரையாவது வர்ற அக்டோபர் கான்டெஸ்ட் ஆரம்பிக்கற சனிக்கிழமை விடிகாலை அனுப்புங்க. 5.30க்கு முன்னாடி வந்துட்டா நல்லது, மொத அரை மணி நேரம் 40 மீட்டர்ல கேக்கறதே தனி. என்கிட்ட ரெண்டாவது ஹெட்போன் இருக்கு.

இப்படிக்கு,
ஹாம் வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை