ஆய்வுச் சலுகையில் மென்பொருளுக்கு இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வுக்காக ஒரு நூலின் சில பக்கங்களை நகலெடுத்தால், நம் பதிப்புரிமைச் சட்டம் அதை நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. மென்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52(1)(ஏ) பிரிவு, கணினி நிரலை வெளிப்படையாகவே விலக்கிவிட்டுத்தான் ஆய்வைப் பற்றிப் பேசுகிறது. கணினியியல் ஆய்வுக்கு மூலப்பொருளே நிரல்தான்.

ஈடாக நான்கு உட்பிரிவுகள் உள்ளன. காப்புப் பிரதி எடுக்கலாம். தனியாக எழுதிய வேறொரு நிரலோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, பிரித்தெடுக்கலாம். எந்த வேலைக்காகத் தரப்பட்டதோ அந்த வேலையில் ஓடவிட்டு, இயக்கத்தைக் கவனித்துச் சோதிக்கலாம். முறையாகப் பெற்ற பிரதியை வணிகமல்லாத சொந்தப் பயனுக்கு நகலெடுக்கலாம், மாற்றலாம்.

ஒரு ரௌட்டரின் ஃபர்ம்வேரை (கருவிக்குள் பதித்த நிரலை) எடுத்து, டீகம்பைல் செய்து (படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றி), பாதுகாப்பு ஓட்டை தேடும் ஆய்வு மாணவர் இவற்றில் எதன்கீழ் வருவார்? அவர் இன்னொரு நிரலை இணைக்கவில்லை. வழக்கமான ஓட்டத்தை மட்டும் கவனிக்கவும் இல்லை. மிஞ்சுவது ‘சொந்தப் பயன்’. ஐந்து பேர் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு அந்தச் சொல் நீளுமா என்பதே சந்தேகம். முடிவைச் சரிபார்க்க, மாற்றிய பிரதியை வேறு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் அது நிச்சயமாகச் சொந்தப் பயன் அல்ல. அனுப்பாவிட்டால் அந்த ஆய்வைப் பிறர் திரும்பச் செய்து பார்க்க முடியாது. இன்னும் விந்தை, டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தடுக்க 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு மறையாக்க (என்க்ரிப்ஷன்) ஆய்வுக்கு விலக்கு தருகிறது. பூட்டை ஆராயலாம், உள்ளே இருக்கும் நிரலை ஆய்வுக்காக நகலெடுக்கத்தான் தெளிவான அனுமதி இல்லை.

அமெரிக்கச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு மென்பொருளை ஒதுக்கவில்லை. ஜாவா என்னும் நிரலாக்கத் தளத்திலிருந்து சுமார் 11,500 வரிகளை கூகுள் எடுத்தாண்டதையே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-இல் நியாயமான பயன்பாடு என்றது. நம் பிரிவிலும் அந்த விலக்குச் சொற்களை நீக்க வேண்டும். அது முடியாதென்றால், பாதுகாப்புச் சோதனையையும் முடிவுச் சரிபார்ப்பையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

அதுவரை கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தங்கள் மாணவர் எழுதும் நிரலையாவது பிறர் பயன்படுத்த உரிமம் தந்து வெளியிடலாம். பயன்பாட்டு நிபந்தனைகளைச் சொல்லும் உரிமக் கோப்பு இல்லாமல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிய நிரலைப் பிறர் படிக்கலாம். மாற்றி வெளியிட உரிமை கிடையாது. 17-ஆவது பிரிவின்படி ஊழியர் பணிநிமித்தம் எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். மாணவர் ஊழியர் அல்லர். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவர் நிரல் அவருடையது. அவர் சம்மதமின்றித் துறை அதற்கு உரிமம் ஒட்ட முடியாது. ஆகவே ஆய்வேட்டோடு எழுத்துச் சம்மதமும் வாங்கி, திறந்தமூல உரிமங்களான எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 இவற்றில் ஒன்றின் முழு வாசகத்தையும் நிரலோடு வைக்க வேண்டும். உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், எடுத்தாண்ட நிரல் நூலகங்களின் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களின்) உரிமங்களைப் பார்ப்பது அவசியம்: ஜிபிஎல் 2-க்கு மட்டும் உட்பட்ட நிரலோடு அப்பாச்சி 2.0 நிரலைச் சேர்த்து வெளியிட முடியாது. சம்மதத்தை முன்பே வாங்காவிட்டால், படிப்பு முடித்து மாணவர் வெளியூர் போனபின் இந்தக் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கணினியியல் ஆசிரியர், திருச்சி