இடமாறுதலில் சிதறும் ஆசிரியர் பணி

ஆசிரியர் அவர்களுக்கு,

முதிய வயதில் மறைந்த ஆசிரியை ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த அஞ்சலிச் செய்தியைப் படித்தேன். ராணுவ அதிகாரியான கணவரின் பதவிகளும் பதக்கங்களும் பாதி இடத்தை எடுத்துக்கொள்ள, அவர் பாடம் நடத்திய காலம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் அவர் தியானத்தில் கழித்த பிற்காலத்துக்குக் கிடைத்த இடம்கூட வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை.

1963-இல் 20 ராணுவப் படைப்பிரிவுப் பள்ளிகளை ஏற்றுத்தான் கேந்திரிய வித்யாலயங்களே தொடங்கின. கணவரின் இடமாறுதலோடு ஊர் ஊராகச் செல்லும் மனைவியர் பலர் கன்டோன்மென்ட் எனப்படும் ராணுவக் குடியிருப்புப் பகுதிப் பள்ளிகளில் ஒப்பந்த ஆசிரியர்களாகப் பணியாற்றுகின்றனர். ஊர் மாறினால் மறுபடியும் நேர்முகத் தேர்வு, மறுபடியும் தொடக்கச் சம்பளம். படைவீரர் குடும்பங்கள் மிகுந்த வேலூர்ப் பகுதியைச் சேர்ந்தவன் நான். என் அண்ணி பதான்கோட், ஜபல்பூர், செகந்திராபாத் என மூன்று ஊர்களில் கணிதம் கற்பித்தும் ஓய்வூதியத்துக்குரிய தொடர்பணி அவர் கணக்கில் சேரவில்லை. (அண்ணனின் ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது!) இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கும் பணிக்காலத்தை ஒன்றாகக் கணக்கிட, கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் இணைந்து ஒரு பொதுப் பணிப் பதிவேட்டைத் தொடங்க வேண்டும்.

– வாசகர், குடியாத்தம்