நாவல் எழுதும் தாய்மாருக்கு வயதுத் தளர்வு வேண்டும்: சாகித்திய அகாதெமிக்கு ஒரு திறந்த மடல்

அகாதெமியின் தலைவருக்கும் செயலாளருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

2011 முதல் இளம் எழுத்தாளர்களுக்கு நீங்கள் வழங்கிவரும் யுவ புரஸ்கார் விருதுக்கு வயது வரம்பு 35. அதைப் பற்றித்தான் இந்த மடல். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, அதனால் எனக்காகக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நம் ஊரில் பெரும்பாலான பெண்களுக்குக் கல்யாணம், பிரசவம், பால்குடி, பள்ளிச் சேர்க்கை எல்லாம் நடந்து முடிவது முப்பத்தைந்துக்குள்தான். 'இளம் எழுத்தாளர்' என்று நீங்கள் தேடுவதும் அதே வருடங்களில்தான்.

எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். சின்னவன் மடியில் தூங்கும்போது கட்டைவிரலால் போனில் தட்டியவைதான் நான் சமீபத்தில் எழுதியவை. எழுதவே முடியவில்லை என்று சொல்லமாட்டேன். கவிதை வருகிறது, குட்டிக் கட்டுரை வருகிறது. நாவல்தான் நகரமாட்டேன் என்கிறது. நேரம் கிடைத்தால் மட்டும் நாவலுக்குப் போதாது, விட்ட இடம் மனதில் அப்படியே இருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் அத்தை ஏன் கோபித்துக்கொண்டு கிளம்பினாள் என்று யோசிக்கும்போது பாத்ரூமிலிருந்து "அம்மா, கழுவி விடு" என்று குரல் வரும். போய்விட்டு வருவதற்குள் அத்தை ஊர் தாண்டியிருப்பாள்.

வீட்டில் யாரும் எழுதாதே என்று தடுப்பதில்லை. "எழுத்து எங்க ஓடிடப் போகுது, பிள்ளைங்க வளர்ந்ததும் எழுதிக்கலாம்" என்பார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் உங்கள் விதி காத்திருப்பதில்லையே.

ஆய்வு உலகம் இதை முன்பே யோசித்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசமும், பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரையும் உண்டு. ஐரோப்பிய ஆய்வு மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கான நிதிநல்கையில் தாய்மாருக்குப் விண்ணப்பிக்கும் கால வரம்பைப் பிள்ளை ஒன்றுக்கு 18 மாதம் நீட்டுகிறது. ஆக, நாவலைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவளுக்குச் சலுகை உண்டு, நாவலையே எழுதுகிறவளுக்குக் கிடையாது!

நான் கேட்பது இதுதான்: பிள்ளை ஒன்றுக்கு இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டு வயதுத் தளர்வு. விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கும் கொடுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. (எத்தனை பேர் தேறுவார்கள் என்பது வேறு கதை.)

"விருதுக்குத் தரம்தானே முக்கியம், இதில் சலுகை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். சரி, 35 என்ற எண் மட்டும் எந்தத் தரத்தை அளக்கிறது? நடுவர்கள் இப்போது படிக்கும் அதே கண்டிப்போடு படிக்கட்டும். 38 வயதுக்காரியின் முதல் நாவல் மோசம் என்றால் தள்ளிவிடட்டும். படிக்காமலே தள்ளுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். ஏற்க முடியாது என்று முடிவானால், காரணத்தையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், பாதி நாவலின் ஆசிரியர்