அடிமரத்துக் காளானைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரிக்கு முன் வீதியோர முதுமரங்களைத் தறிப்பது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். வயதைப் பார்த்துத் தறிப்பது தவறு. மரத்தை உக்கவைக்கும் காளானைப் பார்க்கவேண்டும். அதுவும் இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பிய வீடுகளின் மரத்தை அரிக்கும் செர்புலா என்ற காளான் 20 பாகை செல்சியஸை அண்டிச் செழிப்பது, எங்கள் வெக்கையைத் தாங்காது. இங்கே கவனிக்கவேண்டியது வெப்பநாடுகளில் பரவலான கனோடெர்மா போன்ற காளான்களை.

எங்கள் படலையடி வேம்பின் அடியில் உள்ளங்கை அகலத்தில், வெள்ளை விளிம்போடு ஒரு தட்டுக் காளான் வந்தது. மேலே இலை பச்சைப்பசேல் என்றிருந்ததால் சரி என்று விட்டுவிட்டோம். அடுத்த மாரியில் மரம் சாய்ந்தது. உள்மரம் நனைந்த பஞ்சுபோல் கையோடு பிய்ந்தது. பக்கத்தில் அதே வயது வேம்பு இன்றும் நிற்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் உதவியோடு, எந்த வீதியில் எந்த மரத்தில் எந்தக் காளான் என்று பிரதேச சபைகள் முதலில் பதியட்டும். பிறகு கோடரியை எடுக்கலாம்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.