இரண்டாவது மைதானம் என்றால் இரண்டாம் தரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ஒரே கிளப்புக்குள் பல கோல்ஃப் மைதானங்கள் இருக்கும் இடங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட் போக மிஞ்சும் இடத்தில் கோல்ஃபுக்கு அரைப் பக்கம் கொடுத்ததற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் கிளப்பில் எந்த மைதானம் சிறந்தது என்று கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்லியிருக்கும் விதம் எனக்கு ஒப்பவில்லை. பெரிய போட்டி எதில் நடந்ததோ அது முதலிடம், மற்றது 'இரண்டாவது மைதானம்'. மொத்த நீளம், நடந்த போட்டிகள், கோப்பை தூக்கியவர்களின் பெயர்கள், அதற்குமேல் ஒரு அளவுகோலும் இல்லை. கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவன் நான். தவறான பத்தியைக் கூட்டினால், கூட்டல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடை தவறுதான்.

ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன் கிளப்பையே எடுத்துக்கொள்வோம். மேற்கு மைதானத்தை உச்சியில் ஏற்றிவிட்டு, கிழக்கை ஒரே வரியில் முடித்துவிட்டார். மேற்கின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1926-ல் அலிஸ்டர் மெக்கன்சி அங்கே போய் வகுத்துக் கொடுத்த திட்டம் அது, 1931-ல் திறந்தார்கள். மறு வருடம் திறந்த கிழக்கை வடிவமைத்தவர் அலெக்ஸ் ரஸ்ஸல். அமெச்சூராக இருந்தே 1924-ல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றவர். மேற்கு உருவானபோது மெக்கன்சிக்குக் கூட நின்றவரும் அவரே. இரண்டையும் தரையில் செதுக்கிக் கொடுத்தவர் மிக் மார்கம் என்ற கிரீன்கீப்பர். ஒரே மணல், ஒரே கைகள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. தொலைக்காட்சியில் பெரிய போட்டிகளின்போது நாம் பார்க்கும் ராயல் மெல்போர்ன், மேற்கு மைதானமே அல்ல. மேற்கிலிருந்து 12 ஹோல் (பந்தை அடித்துக்கொண்டு போய்க் குழியில் போட்டு முடிக்கும் ஒவ்வொரு பகுதி), கிழக்கிலிருந்து 6 ஹோல் எடுத்துக் கோத்த கூட்டு மைதானம் அது. 1959-ல் கனடா கோப்பைக்காக முதலில் அப்படிச் செய்தார்கள். 1998, 2011, 2019 பிரசிடென்ட்ஸ் கோப்பைப் போட்டிகளும் அதில்தான் நடந்தன. எதற்காக இந்த ஏற்பாடு? இரண்டு மைதானங்களிலும் சில ஹோல்கள் பொதுச் சாலைக்கு அந்தப் பக்கம் கிடக்கின்றன. கூட்டம் கூட்டமாக வரும் பார்வையாளர்களை ஒவ்வொரு முறையும் சாலை தாண்ட விட முடியுமா? ஆகவே சாலை தாண்ட வேண்டாத ஹோல்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். உலகம் மெச்சும் மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு கிழக்குடையது. கட்டுரையாளர் கொடுத்த பாராட்டில் பாதியையாவது அந்தப் பங்குக்குத் தந்திருக்கலாம்.

அமெரிக்காவின் விங்கட் ஃபுட் கிளப் கதையும் இப்படித்தான். வடிவமைப்பாளர் ஏ.டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட் 1923-ல் மேற்கு, கிழக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். மேற்கில் ஆறு அமெரிக்க ஓபன் நடந்தது உண்மை. 1974-ல் ஹேல் ஐர்வின் பாருக்கு (நன்றாக ஆடுபவருக்கு இத்தனை அடி என்று நிர்ணயித்த கணக்கு) 7 அதிகம் அடித்தும் கோப்பையைத் தூக்கியது கோல்ஃப் ஆடும் யாருக்கும் தெரிந்த கதை. ஆனால் 1957, 1972 மகளிர் ஓபன் நடந்தது கிழக்கில். 1980-ல் முதலாவது சீனியர் ஓபன் நடந்ததும் கிழக்கில். கட்டுரையில் இதைப் பற்றி மூச்சே இல்லை. பெண்களும் வயதானவர்களும் ஆடினால் கணக்கில் சேராது போலிருக்கிறது.

அமெரிக்காவின் இன்னொரு கிளப்பான பால்டஸ்ராலில் 1936 அமெரிக்க ஓபன் மேல் மைதானத்தில் நடந்தது. 1954-லிருந்து வந்த அமெரிக்க ஓபன்கள் எல்லாம் கீழ் மைதானத்துக்குப் போயின. மேல் மைதானம் அதற்காகச் சுருங்கிப் போய்விடவில்லை. மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் அதன் கிரீன்களில் (குழி இருக்கும் மழித்த புல்தரை), சமமாகத் தெரியும் பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) கூட மலைக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவின் மெடினா கிளப்பில் மூன்றாம் எண் மைதானம் இன்னும் வேடிக்கை. 1928-ல் திறந்த அது, முதலில் பெண் உறுப்பினர்களுக்கென்று திட்டமிட்ட மைதானம். அதே மைதானம் 2012 ரைடர் கோப்பைக்குள் 7,600 கெஜத்துக்கு மேல் நீண்டுவிட்டது. யாரை எந்த வரிசையில் வைப்பது என்பதைக் கிளப்புகளே மாற்றி மாற்றித்தான் வைத்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய போட்டிக்கு இடம் தேடுபவர்களுக்கு இரண்டு மைதானம் உள்ள கிளப் என்றால் தனி விருப்பம். ஒன்றில் ஆட்டம், மற்றதில் கூடாரம், பயிற்சித் திடல், வாகன நிறுத்தம். பக்கத்து மைதானம் ஒரு வருடப் புல்லைத் தியாகம் செய்துதான் இந்த மைதானம் பெயர் வாங்குகிறது.

சரி, பிறகு எதை வைத்து ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். நீளத்தைவிட நல்ல கருவி ஒவ்வொரு ஸ்கோர் அட்டையிலும் அச்சாகியே இருக்கிறது: கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப். முதலாவது, ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் அடிச் சலுகை) பூஜ்யமாக உள்ள ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்று சொல்லும். ஸ்லோப், அவரோடு பார்க்கையில் போகி ஆட்டக்காரருக்கு (ஹோலுக்குச் சுமார் ஒரு அடி வீதம் பாரைத் தாண்டும் சாதாரண ஆட்டக்காரர்) எவ்வளவு கூடுதல் கடினம் என்று சொல்லும். குறைந்தது 55, அதிகபட்சம் 155, அடிப்படை எண் 113. மதிப்பிட வருபவர்கள், ஆண்களில் ஸ்கிராட்ச் ஆட்டக்காரரின் முதல் அடி 250 கெஜம், போகி ஆட்டக்காரருடையது 200 கெஜம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பெண்களுக்கு 210, 150.

எங்கள் கிளப்பில் இரண்டு மைதானங்கள். இரண்டிலும் 18 ஹோல். ஆனால் எல்லோர் வாயிலும் 'பெரியது', 'சின்னது'தான். உறுப்பினர் டீயிலிருந்து (உறுப்பினர்கள் முதல் அடி அடிக்கும் இடம்) இரண்டுக்கும் பார் 72, ரேட்டிங்கும் 72. நன்றாக ஆடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அர்த்தம். ஸ்லோப்பில்தான் குட்டு உடைகிறது: பெரியதில் 138, சின்னதில் 118. என் ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 18. அதை 138-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் பெரியதில் எனக்கு 22 அடி சலுகை, சின்னதில் 19. ஆக, பெரியது எல்லோருக்கும் கடினமான மைதானம் அல்ல. என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் கடினமான மைதானம். இதைச் 'சிறந்தது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியதின் நாலாவது ஹோலில் டீக்கும் ஃபேர்வேக்கும் (கிரீன் வரை போகும் வெட்டிய புல்பரப்பு) நடுவே குளம். 185 கெஜம் காற்றிலேயே தாண்ட வேண்டும். 250 அடிப்பவர் அந்தக் குளத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உருண்டு நிற்பதையும் சேர்த்து 200 கெஜம் அடிக்கும் நான், பையிலிருந்து பழைய பந்தாகப் பார்த்து எடுக்கிறேன். யோசிக்க அங்கே ஒன்றுமே கிடையாது. பெண்களுக்கான டீயையும் குளத்துக்கு இந்தப் பக்கமே வைத்திருக்கிறார்கள். "ஏங்க, இதைத் தாண்டணும்னா நான் பந்தைத் தபால்லதான் அனுப்பணும்" என்று என் மனைவி சொன்னது இப்போது கிளப்பில் பிரபலம்.

சின்னதின் பதினோராவது ஹோல் 340 கெஜம். டீயில் நின்று பார்த்தால் பயமுறுத்த ஒன்றுமில்லை. வலப்பக்கம் 190 கெஜத்தில் ஒரு பங்கர் (மணல் பள்ளம்), அவ்வளவுதான். கிரீனின் முன்பக்கம் திறந்தே கிடக்கிறது. ஆனால் தரை முன்னிருந்து பின்னுக்குச் சரிகிறது. உயரத் தூக்கி அடித்து கிரீனில் இறக்கினால், பந்து நிற்காமல் பின்புறப் புல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஐயன் மட்டையைத் தணித்துப் பிடித்து, கிரீனுக்கு இருபது கெஜம் முன்னாலேயே பந்தைத் தரையில் போட்டு உருட்டிவிட வேண்டும். குழியின் கொடி இடப்பக்கம் இருக்கும் நாளில் வலப்பக்கத்திலிருந்து வந்தால்தான் உருட்ட வழி கிடைக்கும். அதற்கு முதல் அடி அந்தப் பங்கரை உரசிக்கொண்டு போயாக வேண்டும். பயந்து இடப்பக்கம் ஒதுங்கியவருக்குக் கொடிக்கும் தனக்கும் நடுவே ஒரு மேடு. பங்கரைத் தாண்டி அடிக்கும் இளைஞருக்கும் இங்கே விடுதலை இல்லை. வெட்ஜ் மட்டையால் அவர் உயரத் தூக்கி அடிக்கும் பந்து கீழ்ச்சரிவில் நிற்காது. அவர், நான், என் மனைவி மூவரும் ஒரே ஹோலில் தலையைச் சொறிகிறோம். நல்ல வடிவமைப்பாளர் யார் என்பதை எனக்கு இந்த மாதிரி ஹோல்தான் சொல்கிறது.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னதில் கிரீனை விட்டு இறங்கினால் அடுத்த டீ பக்கத்திலேயே இருக்கும். பெரியதை நீட்டுவதற்காகப் பின்னால் தள்ளிப் போட்ட டீக்களால், ஒவ்வொரு முறையும் வந்த வழியே திரும்ப நடக்க வேண்டும். என் முழங்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பெரியதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதன் 16, 17, 18 மூன்றும், ஹோலுக்கு ஹோல் வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் ஆடும்போது நெஞ்சு படபடக்கும். அப்படியொரு முடிவு சின்னதில் கிடையாது, கடைசி ஹோல் சப்பென்று முடியும். அண்டர் பார் ஆடும் பையன்கள் பெரியதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு அது, எங்களுக்கு இது என்று விட்டுவிட்டால் சண்டையே இல்லை.

கிளப் நிர்வாகிகள் விட மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் என் குறை. தரவரிசை வெறும் வாய்ப்பேச்சு அல்ல, பணம். பங்கருக்குப் புது மணல் வந்தால் பெரியதுக்கு. வடிகால் குழாய் மாற்றினால் பெரியதுக்கு. சின்னதில் மழை நின்ற பிறகும் ஆறாவது ஃபேர்வேயில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. கேட்டால், "விருந்தினர்கள் எல்லாம் பெரியதைத்தானே சார் கேட்கிறார்கள்" என்று பதில். விருந்தினர் ஏன் அதைக் கேட்கிறார்? தங்கள் கட்டுரை மாதிரி ஒன்றைப் படித்துவிட்டு வருகிறார்.

மனம் வைத்தால் மாற்றிச் செய்ய முடியும் என்பதற்கும் மெடினாவே சாட்சி. மூன்றாம் எண் மைதானத்தின் புகழில் மயங்கி மற்றவற்றை அவர்கள் கைவிடவில்லை. 2014-ல் முதலாம் எண்ணை டாம் டோக் மாற்றி அமைத்தார். 2017-ல் இரண்டாம் எண்ணை, அதை முதலில் வகுத்த டாம் பெண்டலோவின் பழைய வடிவத்துக்கே ரீஸ் ஜோன்ஸ் திருப்பினார். சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் ஐந்து அமெரிக்க ஓபன் கண்ட லேக் மைதானம் இருக்கிறது. கூடவே பார் 3 ஹோல்களாக மட்டுமே ஒன்பது கொண்ட கிளிஃப்ஸ் மைதானமும் இருக்கிறது. இந்த இரண்டையும் எந்த நீள அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது?

தங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு அட்டவணை வெளியிட்டால், சாம்பியன்ஷிப் டீயின் நீளத்தோடு உறுப்பினர் டீ, பெண்கள் டீ இரண்டுக்குமான ரேட்டிங்கையும் ஸ்லோப்பையும் சேர்த்துப் போடுங்கள். நான்கு பத்திதான் கூடும். ராயல் மெல்போர்ன் படத்துக்குக் கீழே 'மேற்கு மைதானம்' என்று போட்டிருக்கிறீர்கள்; அது 2019 பிரசிடென்ட்ஸ் கோப்பைப் படமாக இருந்தால், 'கூட்டு மைதானம்' என்று திருத்தம் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர்
(ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 18, பெரும்பாலும் சின்ன மைதானத்தில்)