பிளஸ் டூ கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ. உங்களில் ஒருவரிடம்தான் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டாள். அரையாண்டு விடுமுறையில் அவளும் நானும் உட்கார்ந்து தமிழில் ஒரு டெக்ஸ்ட் அட்வென்ச்சர் விளையாட்டு எழுதினோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது இப்படி ஒன்றைத் தமிழில் எழுத விடுங்கள்.

இந்த வகை விளையாட்டில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. "நீ திண்ணையில் நிற்கிறாய். வடக்கே பூட்டிய கதவு" என்று திரையில் வரும். "கதவைத் திற" என்று நாம் தட்ட வேண்டும். நிரல் அதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும். அவ்வளவுதான்.

இதைத் தொடங்கி வைத்தவர் வில் குரோதர் என்ற அமெரிக்க நிரலாளர். குகைகளுக்குள் இறங்குவதில் அவருக்குத் தீராத ஆசை. கென்டக்கியின் மம்மத் குகையை அளந்து வரைபடமாக்கிய குழுவில் இருந்தவர். மணவிலக்குக்குப் பிறகு, தன் மகள்கள் விளையாடுவதற்காக 1970களின் நடுவில் அந்தக் குகையையே ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் விளையாட்டாக எழுதினார். 1977இல் டான் வுட்ஸ் என்பவர் அதைப் பெரிதாக்கினார். குரோதருக்குக் குகை என்றால் எங்களுக்கு ஆச்சி வீடு. திண்ணை, தார்சா, அடுக்களை, மச்சு, புறவாசல், கிணறு. ஒவ்வோர் இடத்துக்கும், பெயரோடு விவரத்தைச் சேர்த்து வைக்கும் பைத்தானின் டிக்‌ஷனரியில் ஒரு பதிவு, எந்தத் திசையில் போனால் எங்கே போகலாம் என்ற விவரம். முதல் நாள் சாயங்காலத்துக்குள் வரைபடம் முடிந்துவிட்டது.

சிக்கல் இரண்டாம் நாள் வந்தது. டிக்‌ஷனரியில் "கதவு" இருந்தது. விளையாடுபவர் தட்டுவதோ "கதவைத்". நிரல் முழித்தது.

குரோதரின் நிரல் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும் பார்க்கும். அவர் எழுதிய பிடிபி-10 கணினியில் நினைவகத்தின் ஓர் அலகுக்குள் ஐந்து எழுத்துகள்தான் அடங்கும். இதைச் சொன்னதும் அவள் அதே உத்தியைத் தமிழில் செய்து பார்த்தாள்: முதல் இரண்டு எழுத்து போதும் என்று வைத்தாள். "மரத்தில் ஏறு" என்று தட்டினேன். "பெட்டியின் மேல் ஏற முடியாது" என்று பதில் வந்தது. மச்சில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தோம்.

அப்புறம் வேறு வழியில்லாமல் தமிழ் இலக்கணத்துக்குப் போனோம். "கதவைத்" என்பதில் கடைசி "த்" சந்தியால் வந்தது. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் என்று முடியாது; ஆகவே கடைசியில் அவை வந்தால் யோசிக்காமல் வெட்டலாம். அடுத்து "ஐ" உருபை எடுத்தால் கதவு கிடைக்கிறது. ஆனால் மரம் "மரத்தை" ஆகிறது, கிணறு "கிணற்றை" ஆகிறது, வீடு "வீட்டை" ஆகிறது, வாளிக்கு நடுவில் ஒரு "ய்" வருகிறது. சாரியை, உடம்படுமெய் எல்லாம் அவள் தமிழ்ப் பாடத்தில் மார்க்குக்காகப் படித்தவை. இப்போது அவை இல்லாமல் கதவு திறக்காது. தமிழ்ப் புத்தகத்தை அவளே போய் எடுத்து வந்தாள்.

இன்னொன்று. ஆங்கில விளையாட்டில் கட்டளையின் முதல் சொல் வினை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. சொற்களின் பட்டியலில் மைனஸ் ஒன்று போட்டுக் கடைசிச் சொல்லை எடுத்தால் போதும். "வாளியைக் கிணற்றுக்குள் இறக்கு", "கிணற்றுக்குள் வாளியை இறக்கு" இரண்டையும் நிரல் ஏற்க வேண்டும். எதை இறக்குவது, எதற்குள் இறக்குவது என்பதை உருபே சொல்லிவிடுவதால் சொல் வரிசையைப் பற்றிக் கவலையில்லை. இதைக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பொதுத்தேர்வு, செய்முறைத் தேர்வு, ரெக்கார்ட் நோட்டு. உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் இதற்குப் பாடத்துக்கு வெளியே எதுவும் வேண்டாம். சரம், பட்டியல், டிக்‌ஷனரி, செயற்கூறு, வளையம்: எல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன. மூன்று அறை, நான்கு பொருள், ஆறு வினை போதும். இணையம் தேவையில்லை, பழைய கணினியிலும் ஓடும். கறுப்பு கமாண்ட் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பைத்தானோடு கூடவே வரும் ஐடிஎல்இ சாளரத்தில் ஓட்டச் சொல்லுங்கள். தட்டச்சுதான் உண்மையான தடை. பிள்ளைகள் போனில் ஆங்கில எழுத்திலேயே தமிழ் அடித்துப் பழகியவர்கள். தமிழ்99 விசைப்பலகைக்கு ஒரு வாரம் கொடுங்கள், கை பழகிவிடும்.

முடிந்தால் ஒரு பீரியடுக்குத் தமிழ் ஐயாவையோ அம்மாவையோ ஆய்வகத்துக்குக் கூப்பிடுங்கள். மாணவர்கள் எழுதியதை இன்னொரு மாணவர் விளையாட வேண்டும். எழுதியவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, நிரலுக்குப் புரியாத சொற்களையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. தான் நினைத்த சொல்லையே எதிராளியும் நினைப்பார் என்ற நம்பிக்கை அங்கே உடையும். நாங்கள் "எடு" மட்டும் வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்த அவள் தோழி "தூக்கு" என்றாள், "எடுத்துக்கொள்" என்றாள், "பொறுக்கு" என்றாள். மூன்றும் சரிதானே?

கடைசியாக விளையாடியவர் என் அம்மா, அவளுக்கு ஆச்சி. அவருக்குத் தட்டத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். "கதவத் தொற" என்றார். "எனக்குப் புரியவில்லை" என்றது நிரல். "தொறன்னா புரியாதாமா அதுக்கு?" என்று அம்மா கேட்டார். இவள் விளையாட்டை நிறுத்தினாள், வினைப் பட்டியலில் "திற" பக்கத்தில் "தொற" என்று சேர்த்தாள், "கதவ"வையும் சேர்த்தாள், மறுபடி ஓட்டினாள். "இப்பச் சொல்லுங்க ஆச்சி" என்றாள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் மாமா